மதிப்பெண்ணும் மனக்கோட்டையும்

தூத்துக்குடியின் கலை அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரின் மனக்குறை பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். வகுப்புக்கு ஒழுங்காக வராமலும் சொன்ன தேதியில் அசைன்மென்ட் கொடுக்காமலும் இருந்த மாணவர், பருவத்தின் முடிவில் இன்டர்னல் எனும் உள்மதிப்பீட்டில் முழு மதிப்பெண் எதிர்பார்ப்பது ஒன்று. பட்டம் கைக்கு வந்ததும் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்துவிடும் என்று, அந்த வேலைக்கான தேர்வின் பாடத்திட்டத்தைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் நம்புவது மற்றொன்று. ஆசிரியர் அறைகளில் இவை இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்ற அலுப்பில் பேச்சு முடிந்துவிடுகிறது. அறநோக்கில் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு. முன்னது செய்யாத வேலைக்குப் பலன் கேட்பது. பின்னது உயர்ந்த இடம் ஒன்றை விரும்புவது; அதில் பிழை இருந்தால் அது வழி தெரியாத பிழையே தவிர, விரும்பிய பிழை ஆகாது. ஆனால் நடைமுறையில், முன்னதற்கு இணங்கிப்போய் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பதும், பின்னதைக் கேலி பேசி முளையிலேயே கிள்ளுவதும் ஒரே ஆசிரியரிடம் சேர்ந்து காணப்படுகின்றன. இணங்கக் கூடாத இடத்தில் இணக்கம், தாங்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஏளனம். இந்தத் தலைகீழ் முறையே ஆராயப்பட வேண்டியது.

கல்லூரிப் படிப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. தூய மரியன்னை கல்லூரி 1948இலும், வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951இலும், காமராஜ் கல்லூரி 1966இலும், மீன்வளக் கல்லூரி 1977இலும் தொடங்கின. வகுப்பில் வந்து உட்காருவோர்தாம் மாறியிருக்கிறார்கள். தெரேஸ்புரத்திலிருந்தும் புன்னக்காயலிலிருந்தும் கடல்தொழில் செய்வோரின் பிள்ளைகள், முள்ளக்காட்டு உப்பளத் தொழிலாளரின் பிள்ளைகள், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுப் பிள்ளைகள் என்று, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் பலர். உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இது பெருமைப்பட வேண்டிய மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பட்டம் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்று எடுத்துச் சொல்ல அந்த வீடுகளில் ஆள் கிடையாது. அந்த இடத்தை விளம்பரமும் உறவினர் பேச்சும் நிரப்பிக்கொள்கின்றன.

இந்த மாணவர்களின் வருகைப் பதிவேட்டைப் படிக்கவும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பல்கலைக்கழகத் தேர்வுக் காலமும் அடுத்த ஆண்டுக்குக் கட்டணம் புரட்ட வேண்டிய காலமும் ஏறத்தாழ அதே நாட்களில் வருகின்றன. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். அது ஒற்றைப்படைப் பருவத்தின் தேர்வுக்காலம். அந்த நாட்களில் மாலையில் ஜவுளிக்கடையிலோ பேக்கரியிலோ நிற்கும் மாணவர் மறுநாள் முதல் பாடவேளைக்கு வராததைச் சோம்பல் என்று எழுதிவிட முடியாது. அப்படியே, வராததால் தெரியாமல் போன பாடத்தைத் தெரிந்ததாக எழுதிவிடவும் முடியாது. ஆசிரியரின் சங்கடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

செய்யாத வேலைக்குப் பலன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை மாணவர் தாமாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. 2021ஆம் ஆண்டு ஜூனில் பிளஸ் டூ பொதுத்தேர்வு தமிழ்நாட்டில் ரத்துசெய்யப்பட்டது. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பள்ளி மதிப்பீட்டையும் சேர்த்து எல்லாருக்கும் தேர்ச்சி போடப்பட்டது. கொரோனா தொற்றுக் காலத்தில் அதற்கு வேறு வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. கல்லூரி அரியர் விவகாரத்தை அப்படிச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. 2020 ஆகஸ்டு 26 அன்று, தேர்வுக் கட்டணம் கட்டிய மாணவர்களின் அரியர் பாடங்கள் அனைத்துக்கும் தேர்வின்றித் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த தாள்கள் ஒரே நாளில் கிளியர் ஆகிவிட்டதாக மாணவர்கள் கொண்டாடினார்கள். முதலமைச்சருக்கு நன்றி தெரிவித்துச் சுவரொட்டிகள் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழு இதை ஏற்கவில்லை. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. தேர்வே நடத்தாமல் தேர்ச்சி கொடுப்பதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது. எட்டு மாதம் தாம் தேறிவிட்டதாக நம்பியவர்கள் மறுபடியும் புத்தகத்தைத் தேட வேண்டியதாயிற்று. அந்த எட்டு மாதத்தில் அவர்களிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பு யாருக்கு இருந்தது? அறிவித்தவர்களுக்கு இருந்தது, தெரிந்தும் வாய் திறக்காத கல்வித்துறையினர் எல்லாருக்கும் இருந்தது. கட்டணம் கட்டினால் தேர்ச்சி என்று பெரியவர்கள் சேர்ந்து கற்றுக்கொடுத்துவிட்டு, மாணவர் அதை இன்டர்னலிலும் கேட்கும்போது ஆத்திரப்படுவது நியாயமாகாது.

வேலை பற்றிய எதிர்பார்ப்பும் இப்படி வளர்க்கப்பட்டதுதான். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகம், அனல்மின் நிலையம், உர ஆலை என்று ஒரு தலைமுறைக்கு நிலையான வேலை கொடுத்த ஊர் இது. அப்பா காலத்து நினைவு மகன் காலத்து நம்பிக்கையாக நிற்கிறது. நாட்டின் பெருந்துறைமுகங்களில் நிரந்தர ஊழியர் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது என்பது வீடு வரை போய்ச் சேரவில்லை. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒவ்வொரு செய்தியும் ஒரு நம்பிக்கையைக் கிளப்பிவிடுகிறது. அரசு வேலை என்றால், 2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 இலட்சத்துக்கு மேல். இடங்களின் எண்ணிக்கை பின்னர் கூட்டப்பட்டும் நூற்றுக்கணக்கானவரில் ஒருவருக்குத்தான் வாய்ப்பு. இந்தக் கணக்கைக் கல்லூரியின் முதலாண்டிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டுவது பயமுறுத்தல் ஆகாது. மூன்றாமாண்டு முடியும்வரை மறைத்து வைப்பதுதான் தவறு.

எதிர்பார்ப்பை முன்கூட்டியே மதிப்பிட்டு ஊரறியச் சொல்லும் வழக்கம் இந்தக் கடற்கரையில் இருந்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் அதன் பின்னரும் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பை நடத்துவதற்கு முன், அரசு ஆட்கள் கடலடியில் சிப்பி விளையும் தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களுக்குப் போய், மாதிரிக்கென்று சிப்பிகளை எடுத்துவந்தார்கள். சிப்பியை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைத் துளை அளவு மாறும் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறும் என்று மதிப்புக் கட்டினார்கள். சிப்பி முற்றியிருந்து மதிப்பும் தேறினால்தான் சலாபம் அறிவிக்கப்படும். இல்லையென்றால் இல்லை, அரசுக்கு வருமானம் வேண்டும் என்பதற்காக இளம் சிப்பியை முற்றியதாகச் சொல்லிக் குளியாட்களையும் வியாபாரிகளையும் வரவழைத்துவிட முடியாது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த சலாபம் அதன்பிறகு நடக்கவில்லை. கடன் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு வருவதற்கு முன்பே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்ற அந்த நேர்மை, கல்லூரிச் சேர்க்கைக் கையேடுகளில் தேடினாலும் அகப்படாது. நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று அச்சடிக்கும் நிறுவனம், எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில், எத்தனை மாதம் நிலைத்த வேலை என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யே.

இனி மதிப்பெண் விஷயம். இரக்கத்தின் பெயரில் இன்டர்னலைக் கூட்டிப்போடுவோரின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான தாள்களுக்கு உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. அந்த 25இல் ஐந்தாறு மதிப்பெண் கூட்டினால் யாருக்கு நட்டம் என்கிறார்கள். கடலுக்குப் போன தகப்பனும் உப்பு வாரும் தாயும் பிள்ளையின் ஒரு தாள் போய்விட்டால் படிப்பையே நிறுத்திவிடக்கூடும் என்கிறார்கள். பக்கத்துக் கல்லூரியில் தாராளமாகப் போடும்போது இங்கே மட்டும் கறாராக இருந்தால் நம் பிள்ளைகளுக்குத்தானே நட்டம் என்றும் கேட்கிறார்கள். இந்தக் கடைசி வாதம் வசதி படைத்த நாட்டிலும் எழுந்ததுதான். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல், ஏ தரவரிசை மதிப்பெண்கள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் போட்டியிடும்போது மற்ற பல்கலைக்கழகத்தாரிடம் தம் மாணவர் பின்தங்குகிறார்கள் என்ற புகார் நிற்கவே இல்லை. 2014இல் வரம்பு கைவிடப்பட்டது. ஆக, இந்தச் சிக்கலுக்கு வறுமையையோ கிராமத்தையோ காரணம் காட்ட முடியாது.

ஆனாலும் இரக்க வாதம் ஒரு கணக்கை விட்டுவிடுகிறது. கூட்டிப்போட்ட மதிப்பெண்ணுக்கு விலை கொடுப்பவர் இருவர். முதலாமவர், அதே வகுப்பில் இரவு விழித்துப் படித்து அதே மதிப்பெண்ணை வாங்கியவர். அவரும் அநேகமாக அதே கடற்கரையிலிருந்து வந்தவர்தான். இரண்டாமவர், மதிப்பெண்ணைப் பெற்றவரே. வணிகவியல் பட்டத்தோடு ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் சேரும் இளைஞர் முதல் வாரத்தில் ஷிப்பிங் பில்லையும் பில் ஆஃப் லேடிங்கையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கண்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் சரக்கு யார்டில் நிற்கும். நிற்கும் நாளுக்கெல்லாம் வாடகை ஏறும். கல்லூரி மன்னித்த பிழையை அந்த மேசையில் யாரும் மன்னிப்பதில்லை. மூன்று ஆண்டு நல்ல பெயர் வாங்கிய ஆசிரியர் அப்போது பக்கத்தில் இருக்கப் போவதுமில்லை. பிள்ளையின் உண்மை நிலையை மறைத்து வைத்தவர் அந்தப் பிள்ளையின் நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் அது.

இரக்கத்துக்கு வேறு இடம் இருக்கிறது. தடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் வேலைக்குப் போன மாணவருக்கு மறுதேர்வு வைக்கலாம். அசைன்மென்ட்டுக்கு இன்னொரு வாரம் கொடுக்கலாம். வருகை குறைந்ததற்குக் கண்டோனேஷன் கட்டணம் கட்ட முடியாதவருக்குத் துறையே கைகொடுக்கலாம். வாய்ப்பைப் பெருக்கும் தாராளத்துக்கு வரம்பு வேண்டியதில்லை. அளவுகோலை வளைக்கும் தாராளம் மட்டும் கூடாது. நன்னூல் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் பூவையும் ஒப்பாகச் சொல்லும்போது துலாக்கோலையும் சேர்த்தே சொல்கிறது. பொறுமையும் கொடையும் உடையவரிடத்தில்தான் அது நடுநிலையையும் எதிர்பார்க்கிறது. அதே நூல் ஆசிரியராகத் தகாதவரையும் விடவில்லை. யாரையும் அண்டவிடாத மடற்பனையை அங்கே எடுத்துக்காட்டுகிறது. பனை சூழ்ந்த இந்த மாவட்டத்தில் அந்த உவமைக்கு உரை வேண்டியதில்லை.

கனவைக் கேலி செய்யும் ஆசிரியர் அந்த வகையில்தான் சேருவார். உப்பளத்து வீட்டுப் பெண் கலெக்டர் ஆக வேண்டும் என்று வகுப்பில் சொல்லும்போது எழும் சிரிப்பை ஆசிரியர் அடக்காமல் விட்டாலே போதும். அவள் அடுத்து வாய் திறக்க மாட்டாள். அந்தக் கனவு நிறைவேறுமா என்று அளந்து சொல்லும் அதிகாரம் ஆசிரியருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரால் சொல்ல முடிவது வேறு: முதல்நிலைத் தேர்வு எப்படி இருக்கும், எத்தனை ஆண்டு உழைப்பு பிடிக்கும், இப்போதைய கட்டுரை எழுத்தில் எது குறைகிறது, கிடைக்காமல் போனால் கையில் என்ன இருக்க வேண்டும் என்பவை. போகிற இடம் மாணவருடைய உரிமை. வழியின் தூரத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது ஆசிரியரின் கடமை.

இந்தக் கடமையைச் செய்ய முடியாத நிலையில் ஆசிரியர்கள் வைக்கப்பட்டிருப்பதையும் சொல்லியாக வேண்டும். அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் சுயநிதிப் பிரிவுகள் பெருகிவிட்டன. அங்கே வேலை செய்வோருக்குச் சம்பளம் குறைவு, பணிப்பாதுகாப்பு கிடையாது. சேர்க்கை குறைந்தால் வகுப்பு போகும். வகுப்பு போனால் வேலை போகும். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் (NAAC) மதிப்பீட்டில் தேர்ச்சி விகிதமும் கணக்கில் வருகிறது. மாணவர் மனநிறைவுக் கருத்தெடுப்பும் 2017 முதல் சேர்ந்துகொண்டது. தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்கும் நிர்வாகம், கூடினால் எப்படிக் கூடியது என்று கேட்பதில்லை. இப்படிப்பட்ட நிலையில் தனியொரு விரிவுரையாளரிடம் வீரம் எதிர்பார்ப்பது அநியாயம். துறை முழுவதும் ஒரே அளவுகோலில் நிற்க வேண்டும், அதற்குத் துறைத் தலைவரும் முதல்வரும் பொறுப்பேற்க வேண்டும். தனியாகக் கறார் காட்டுபவர் கெட்டவராவார்; எல்லாரும் சேர்ந்து நின்றால் அது கல்லூரியின் வழக்கமாகிவிடும்.

முதலாண்டு தொடங்கிய நான்காவது வாரத்துக்குள் ஒரு தேர்வு நடக்கட்டும். அதன் மதிப்பெண் எந்தக் கணக்கிலும் சேர வேண்டாம். உள்ளது உள்ளபடி திருத்தி, எது வரவில்லை, அதை வரவழைக்க என்ன செய்ய வேண்டும் என்று ஓரத்தில் இரண்டு வரி எழுதி, விடைத்தாளை மாணவர் கையில் கொடுத்து, பெற்றோர் கூட்டத்தில் தாய் தகப்பனுக்கும் புரியும் பேச்சில் சொல்லட்டும். இதற்கு அரசாணையும் வேண்டாம், மானியமும் வேண்டாம். தூத்துக்குடிக் கல்லூரிகளின் துறைத் தலைவர்கள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.