பெயின்ட் படாத இடம்

படகின் அடியில் பெயின்ட் அடிப்பதில் என்ன பெரிய தத்துவம் இருந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

அமெரிக்காவில், மேரிலாண்ட் மாநிலம் அன்னாபொலிஸில் இருக்கிறான் என் கல்லூரி நண்பன். அவனிடம் 19 அடி நீள ஃபைபர் படகு ஒன்று உண்டு. கோடை முழுக்க செசபீக் விரிகுடாவில் மிதக்கும். குளிர் வந்தால் டிரெய்லரில் ஏறி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் பாசியும், கல் மாதிரி ஓடு கட்டும் குட்டி உயிர்களும் ஒட்டி வளரும். படகின் வேகம் குறையும், பெட்ரோல் குடிக்கும். அதனால் தண்ணீரில் இறக்கும் முன், அடிப்பாகத்துக்குச் செம்பு கலந்த பெயின்ட் அடிக்கிறார்கள்.

நான் போயிருந்த ஏப்ரலில் அந்த வேலை நடந்தது.

"அரை நாள்ல முடிச்சிடலாமேடா" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியற இடத்துக்கு அரை நாள் போதும். தெரியாத இடத்துக்குத்தான் ரெண்டு நாள்" என்றான்.

கம்பளம் சுற்றிய இரண்டு பலகைகள் மேல்தான் படகு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் அரை அடி அகலம், எட்டு அடி நீளம். மொத்தம் எட்டு சதுர அடி. அங்கே மட்டும் பிரஷ் போகாது. படகைத் தூக்கினால்தான் உண்டு.

"இந்த வருஷம் விக்கத்தானே போறே? அப்படியே விட்டுடேன். யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?" என்றேன். பி.காம் புத்தி!

"வாங்கறவன் பார்க்க மாட்டான்டா. ஆனா அங்கேதான் முதல்ல ஒட்டும்."

கிரேன் எல்லாம் இல்லை. சக்கரங்களுக்கு அடை கொடுத்தோம். டிரெய்லரின் மூக்கில் இருக்கும் ஜாக்கைச் சுற்றி மூக்கை இறக்கினால், சீசா பலகை மாதிரி பின்பக்கம் எழும்புகிறது. படகின் பின்புறத்துக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கினான். மூக்கை உயர்த்தியதும் டிரெய்லரின் பின்பக்கம் தாழ்ந்தது; பின்பாரம் கட்டைக்கு மாறியது. அடுத்து முன்புறத்துக்கு முட்டு. மூக்கைப் பாதி இறக்கியதும், பலகைக்கும் படகுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பக்கத்துக்கு ஒரு தாங்கி வைத்து, கட்டைகள் அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் பிரஷ்ஷை எடுத்தான்.

அந்த வெளிச்சத்தில் இரண்டு பட்டைகள் மட்டும் வெளுத்துப்போய்த் தெரிந்தன. படகு எதன்மேல் சாய்ந்திருந்ததோ, அதே இடம்!

நமக்கும் அப்படித்தானே? எதன்மேல் முழு பாரத்தையும் வைத்திருக்கிறோமோ, அதைத்தான் நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

ஊழலைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை காட்டமாக எழுதியிருக்கிறேன். எழுதுகிற மேஜை இருக்கும் வீட்டுக்கு பிளான் அப்ரூவல் வாங்கித் தந்தவர் ஓர் ஏஜென்ட். அவர் கொடுத்த கணக்குச் சீட்டின் கடைசி வரி: 'இதர செலவுகள்'. கணக்கு படித்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டால் வீடு ஆடும்.

ஆடினால் விழுந்துவிடுமோ என்கிற பயம்தான் நம்மைக் கேள்வி கேட்கவிடாமல் செய்கிறது. ஆஸ்திரியத் தத்துவ அறிஞர் ஓட்டோ நியூராத் (1882-1945) மனித அறிவை நடுக்கடலில் போகும் கப்பலுக்கு ஒப்பிட்டார். கரைக்குக் கொண்டுபோய் மொத்தமாகப் பிரித்துக் கட்ட வழியில்லை. மிதந்தபடியே ஒவ்வொரு பலகையாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். மனசாட்சிக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். நண்பன் படகை ஒரேயடியாக அந்தரத்தில் தூக்கிவிடவில்லை. ஒருபக்கம் எழும்பும்போது மறுபக்கம் பழைய பலகையிலேயே இருந்தது.

வீட்டை இடித்துவிடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, வருகிற பதிலோடு அதே வீட்டில் குடியிருக்க முடியுமா? எழுதுவதை அப்புறமும் எழுத முடியுமா? அதுதான் கேள்வி.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்து அந்த ஃபைலை இறக்கினேன். ஏஜென்ட்டின் நம்பரும் அதிலேயே இருக்கிறது.

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள் மனைவி.

நான் இன்னும் போன் செய்யவில்லை. கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.