பிரிதலும் வேறாதலும்

பிரிதல் என்னும் வினைச்சொல் உலக வழக்கில் மிகப் பயின்று வருவது. பயிற்சி மிகுதியால் அதன் பொருளெல்லை ஆராயப்படாது ஒழிகின்றது. அதனால் வரும் இழுக்கு இலக்கண வழுவளவில் நில்லாது, உயிர்க்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பைப் பிறழ உணர்தற்கும், மக்கள் தம்முள் உள்ள தொடர்பை அறுத்துக் கோடற்கும் ஏதுவாகின்றது. ஆதலின், அச்சொல் அமையுமிடமும் அமையாவிடமும் ஈண்டு ஆராயப்படும்.

திண்டுக்கல்லினின்று நத்தம் செல்லும் நெடுவழியில் சாணார்பட்டி என்னும் ஊர் உளது. 1985ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் மதுரை மாவட்டத்தினின்றும் திண்டுக்கல் மாவட்டம் வகுக்கப்பட்டபொழுது இவ்வூர் புதிய மாவட்டத்தின்பாற்பட்டது. ஊர் மதுரையைப் பிரிந்தது என்று கூறலாமோ? நிலம் ஓரடியும் பெயர்ந்திலது. சிறுமலை நின்றாங்கே நின்றது. கொள்வினை கொடுப்பினைகளும் அற்றில. மாறியது ஆட்சியெல்லை ஒன்றே. பிரிந்தது எனத் தன்வினையாற் கூறின் ஊர் தானே அகன்றதுபோலப் பொருள்படும். பிரிக்கப்பட்டது எனச் செயப்பாட்டுவினையாற் கூறின் பிரித்தார் பிறர் என்பது போதரும். ஊரைப் பற்றிய சொல்லுக்கே இத்துணைக் கருத்து வேண்டுமாயின், உயிரைப் பற்றிய சொல்லுக்கு எத்துணை வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

இனி, பிரிதல் வேறு, வேறாதல் வேறு. பிரிதல் ஒரு காலத்து நிகழும் நிகழ்ச்சி. அதற்கு முன் ஒரு கூட்டம் இருந்திருத்தல் வேண்டும். வேறாதல் பொருளின் இயல்பு. அதற்கு முற்கூட்டம் வேண்டுவதின்று. பொன்னும் கல்லும் வேறு என்கின்றோம். அவை பிரிந்தன என்பதில்லை. கிளையினின்று இலை பிரிந்தது என்புழி ஐந்தாம் வேற்றுமை நீங்கற்பொருளில் வந்தது. நீங்குதற்கு ஓர் எல்லை வேண்டும். எல்லைக்கு அப்பால் அப்பொருள் இல்லாத ஓரிடமும் வேண்டும்.

இவ்விலக்கணத்தை இறைவன்பாற் பொருத்தி நோக்குக. எங்கும் நிறைந்தானுக்கு எல்லையில்லை. அவனில்லாத இடமும் இல்லை. ஆகவே, உயிர் இறைவனினின்றும் பிரிந்தது என்னுந் தொடர் எழுத்தான் அமையினும் பொருளான் அமையாது. அற்றேல், பிரியாமையின் இரண்டும் ஒரு பொருளே என்க எனின், அதுவும் பொருந்தாது. பிரியாமை ஒருபொருளாதலைக் காட்டாது. அறிவிக்க அறியும் உயிரும், தானே அறியும் சிவமும் இயல்பான் வேறாதலின் என்க.

திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரம் இந்நுட்பத்தையே நாட்டிற்று. அத்துவிதம் என்னுஞ் சொல்லில் உள்ள எதிர்மறை இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்று பொருளில் வருதற்குரியது. நீரில்லை என்பதற்கும் நீரன்று என்பதற்கும் உள்ள வேற்றுமை சிறுவரும் அறிவர். இரண்டில்லை எனக் கொள்வார் ஒருபொருட் கொள்கை கொண்டார். மெய்கண்டதேவர் அன்மைப் பொருள் கொண்டார். பொருள்கள் இரண்டாயினும், இரண்டாய்ப் பிரிந்து நிற்றல் இன்று என்பது அவர் துணிபு. இதனை மாபாடியத்து விரித்து நிறுவிய சிவஞான முனிவரே நன்னூல் விருத்தியுரையையும் திருத்தியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சொல்லிலக்கணமும் பொருளிலக்கணமும் ஒருவர்பாலே ஒளிர்ந்தன.

உமாபதி சிவாசாரியார் சிவப்பிரகாசத்துள், பொன்னும் பணியும் போல ஒன்றென்றலையும், இருளும் ஒளியும் போல வேறென்றலையும், சொல்லும் பொருளும் போல இரண்டுமென்றலையும் விலக்கினார். உடலும் உயிரும் போலக் கலப்பால் ஒன்றாதலும், கண்ணும் ஞாயிறும் போலப் பொருளால் வேறாதலும், கண்ணொளியும் உயிரறிவும் போலச் செயலால் உடனாதலும் கொண்டார்.

அஃதாயின், அருளாளர் பலரும் பிரிவாற்றாது அழுதது என்னையெனின், அது இடத்தால் வந்த பிரிவன்று, உணர்வால் வந்தது. கண்படலம் மூடியவனை ஞாயிறு பிரிந்ததில்லை. எனினும் அவன் துன்பம் பொய்யன்று. ஆகவே துயருற்றான் ஒருவன் இறைவன் என்னைப் பிரிந்தான் என்று அரற்றுவானாயின் அவனை இகழாது, பிரிந்திலன், மறைந்தே நிற்கின்றான் என்று தெருட்டுதல் அடியார் கடன்.

பிரிதற்குரியது மலப்பிணிப்பே. சாணார்பட்டிப் பக்கத்துப் புளியமரங்களை மாசி பங்குனியிற் காண்பார்க்கு இது விளங்கும். காய்ப்பருவத்தில் ஓடும் சதையும் ஒட்டிக் கிடக்கும்; ஓட்டைப் பெயர்க்கின் சதையும் உடன் பெயரும். கனிந்தபின் ஓடு அழிவதில்லை. சதையைச் சூழ்ந்தே நிற்கும். பற்று மாத்திரம் விட்டிருக்கும். முத்தியில் ஆணவம் அழியாது, அதன் ஆற்றல் மடங்குதலும் இத்தகைத்தே. ஓட்டைப் பிரிந்த பழம் மரத்தைப் பிரிந்திலது.

இவ்வாராய்ச்சி வீட்டு வாழ்விற்கும் உரியது. உடன்பிறந்தார் இருவர் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டு, நாங்கள் பிரிந்துவிட்டோம் என்கின்றனர். பிரிக்கப்பட்டது நிலம். நிலம் பிறிதின்கிழமைப் பொருள்; இன்று ஒருவனதாய் நாளை மற்றொருவனதாவது. ஒரு வயிற்றிற் பிறந்தமையோ பத்திரத்தால் வந்ததன்று, பத்திரத்தால் போவதுமன்று. எழுவாய் ஒன்று பிறழ்ந்தமையால், வரப்புக் கிழித்த கோடு நெஞ்சிலும் கிழிந்து, தாய் இறந்த வீட்டிலும் இருவர் இரு திண்ணையில் அமர்கின்றனர். நிலம் பிரிந்தது, நாங்கள் வேறு வேறு அடுப்பு வைத்துளோம், எனினும் பிரிந்திலேம் என்று உள்ளவாறு சொல்லும் நாவிருப்பின், அவ்விரு திண்ணையும் ஒன்றாகும்.

ஆகவே, வேறானவற்றை வேறென்க. பிரிந்தனவற்றைப் பிரிந்தன என்க. பிரியாதனவற்றைப் பிரிந்தன என்னாதொழிக. வேறெனக் காணாதவன் தன்னையே சிவமெனத் தருக்குவான்; பிரிந்ததெனக் கருதுபவன் துணையிலேன் என்று சோர்வான். வேறாயினும் பிரியாமை உணர்ந்தவனே தருக்கும் சோர்வும் இன்றித் திருவடியை நினைந்து அமைவான்.