பூட்டும் நம்பிக்கையும்

நேர்மையாளன் எனக் கருதி ஒருவனிடம் பொதுப்பணத்தை ஒப்படைத்தபின், அவன் தனியே திறக்கவியலாதவாறு பூட்டும் இடுவது அவனை அவமதிப்பதாகுமா? மாணவர் உதவிநிதி ஒன்றுக்குத் தனாதிகாரியாக நான் தெரிவுசெய்யப்பட்டபோது, பணம் எடுப்பதற்கு இருவர் கையொப்பம் வேண்டும் என்றனர். அன்று என் மனம் புண்பட்டது. ஐரோப்பாவின் பிற்பட்ட இடைக்காலத்து ஓக்மரப் பெட்டகங்களைப் பற்றிப் படித்த பின்னரே இவ்வினாவை நிதானமாக நோக்க முடிந்தது.

அப்பெட்டகங்களிற் கண்ணைக் கவர்வது செதுக்கு வேலையே. கோதிக் சாளரங்களின் கூரிய வளைவுகளும் ஈட்டியேந்திப் பொருதும் குதிரைவீரரும் முகப்புப் பலகைகளில் இடம்பெறுகின்றனர். ஒக்ஸ்போர்ட் நியூ கல்லூரியிலுள்ள பெட்டகமொன்று, 1302இல் கூர்த்ரே என்னுமிடத்தில் பிளெமிய நகர மக்கள் பிரெஞ்சு வீரரை முறியடித்த போரைச் சித்திரிக்கின்றது. ஓக்மரத்தின் துவர்ப்பு இரும்பாணிகளை அரித்துக் கருங்கறை படியச் செய்யும். அக்கறையுங்கூட ஓர் அழகுதான். எனினும் எனது அக்கறை பூட்டுகளைப் பற்றியதே.

1199இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ற், சிலுவைப்போருக்கான காணிக்கைக்காகத் தேவாலயந்தோறும் மரப்பெட்டி வைக்குமாறு பணித்தார். அதற்கு மூன்று திறப்புகள்: ஆயரிடம் ஒன்று, குருவிடம் ஒன்று, பக்தியுள்ள பொதுமகன் ஒருவரிடம் ஒன்று. ஆன்மாக்களையே பொறுப்பேற்ற குருவிடம் நாணயங்களைத் தனியே விட அஞ்சினர் என்று இதனை எள்ளலாம். ஆனால் மூவரும் கூடினாலன்றித் திறவாத பெட்டியில் ஒரு காசு குறைந்தாலும் ஊர்வாய் அக்குருவைத் தனித்துச் சுட்டமாட்டாது. களவு செய்ய எண்ணாதவனுக்கே அப்பூட்டினால் மிகுந்த நன்மை. மூவரும் சேர்ந்து களவாடினால் என் செய்வது என்பது வேறு வினா. அதற்குப் பூட்டிடம் விடையில்லை.

மாணவராகிய நமக்கு நெருக்கமான பெட்டகம் வேறொன்றுண்டு. 1240இல் லிங்கன் ஆயர் றொபேட் குறொஸ்ரெஸ்ற்றின் விதிகளின்படி ஒக்ஸ்போர்டில் கடன்பெட்டகம் ஒன்று நிறுவப்பட்டது. வறிய மாணவர் வட்டியின்றிக் கடன் பெறலாம், ஈடு வைக்கவேண்டும். ஈடாகப் பெரும்பாலும் வந்தவை நூல்கள். படிப்பதற்குப் பணம் தேடியவன் படிக்கும் நூலையே பெட்டகத்துள் இட்டுச் சென்றான்! குறித்த காலத்தில் மீட்காவிடின் அது விற்கப்படும். இது கொடுமை என்றே முதலில் எண்ணினேன். ஆயினும் ஈடு வைத்தவன் எவர் முன்னும் இரந்து நிற்கவில்லை. தன் வறுமையை விரித்துரைத்து இரக்கம் தேடவுமில்லை. நம்பாமையின் ஏற்பாடே அவனது மானத்தைக் காத்தது.

இவ்வாறு இரு கையொப்ப விதியை நான் மனமார ஏற்றிருந்த காலத்திலேதான், பரீட்சைக்கு முந்திய வாரம், நண்பனொருவன் இரவில் வந்து கதவைத் தட்டினான். தாயாருக்குச் சுகவீனம், விடியுமுன் ஊர் செல்லவேண்டும். நிதியிற் பணம் இருந்தது. கையொப்பமிடவேண்டிய மற்றையவர் ஊரில் இல்லை. அவன் விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் கையிலிருந்த சிறுதொகையைக் கொடுத்தேன். அது போதவில்லை.