யார் தலையில் பழி?



சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மாண்டவர்கள் ஜெருசலேமில் இருந்த மற்றெல்லாரையும்விடப் பெரிய பாவிகளோ என்று ஆண்டவர் கேட்கிறார். இல்லை என்று தாமே மறுமொழியும் சொல்கிறார். ஆபத்து எங்கே நேர்ந்தாலும், அகப்பட்டவன் தலையிலேயே குற்றத்தையும் ஏற்றிவிடுவது மனித சுபாவம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குத்தானே அடி விழுகிறது!

இதற்குப் பயங்கரமான திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. 1986-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, இரவு 1 மணி 23 நிமிஷம். அன்று சோவியத் நாட்டைச் சேர்ந்திருந்த உக்ரேனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. ஒரு சோதனை நடத்தவே அன்றிரவு உலையின் வேகத்தைக் குறைத்தார்கள். பகலில் நடக்கவேண்டிய சோதனை, மின்சாரம் தேவை என்று கீவ் நகரிலிருந்து கேட்டதால் சுமார் பத்து மணி நேரம் தள்ளிப்போய், இரவு முறைக்காரர் கையில் வந்து விழுந்தது. உலையின் சக்தி அளவுக்கு மிஞ்சி இறங்கியும் சோதனையை நிறுத்தவில்லை. காவலாக இருந்த சில பாதுகாப்பு ஏற்பாடுகளையும் முடக்கி வைத்திருந்தார்கள். இவை குற்றமல்ல என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் கடைசியில் உலையை அணைக்கிற பொத்தானை அழுத்தினார்களே, அப்போது நடந்ததைக் கவனியுங்கள். அணைப்பதற்காக உள்ளே இறங்கிய தண்டுகளின் கீழ்ப்பகுதி கிராபைட்டினால் ஆனது. அது தண்ணீரை விலக்கிக்கொண்டு இறங்கும்போது, முதல் சில நொடிகள் உலையின் வேகத்தைத் தணிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டது. வண்டியை நிறுத்த மிதித்த பிரேக்கே வண்டியைப் பாய்ச்சியது போல! இந்தக் கோளாறு 1983-லேயே லித்துவேனியாவிலுள்ள இக்னாலினா நிலையத்தில் தென்பட்டிருந்தது. மேலே இருந்தவர்களுக்கு அது தெரியும். உலைகளைத் திருத்தினார்களா? இல்லை. அன்றிரவு பொத்தானை அழுத்தியவர்களோ அதை அறியாதிருந்தார்கள்.

1987 ஜூலையில் விசாரணை நடந்தது. நிலையத்தின் தலைவர் புருகானோவ் உள்பட ஆறு பேருக்குத் தண்டனை. மூவருக்குப் பத்து வருஷச் சிறை. உலையை வடிவமைத்தவர்களில் ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. போஞ்சு பிலாத்து கை கழுவிய தண்ணீர் இன்னும் வற்றவில்லை போலும்!

பிறர் பாவத்துக்கு நாம் உடந்தையாகிற வழிகள் ஒன்பது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். கட்டளையிடுவது, தூண்டிவிடுவது எல்லாம் நினைவிருக்கும். பேசவேண்டிய இடத்தில் மௌனமாயிருப்பதும், நடந்ததை மூடி மறைப்பதும் அந்த ஒன்பதில் சேர்ந்தவையே. பிரேக் சரியில்லை என்று டிரைவர் முறையிட்ட பிறகும் இன்றைக்கு ஒரு நடை ஓட்டு என்று அனுப்பிய முதலாளி, விபத்து நடந்த இடத்தில் இல்லைதான். மின்கம்பி அறுந்து தொங்குவதைக் கண்டும், நமக்கேன் வம்பு என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவனும் அங்கே இல்லை. சர்வேசுரன் அவர்களைக் கேள்வி கேட்கமாட்டாரா? குற்றம் பங்கு போடப்படுவதால் குறைந்துவிடுகிற சொத்து அல்ல. அவனவனுக்குரியது அவனவனிடம் முழுமையாகவே நிற்கும். உலையை ஓட்டியவர் தவறு, வடிவமைத்தவர் தவறை அழிக்காது. இவர் தவறும் அவர் தவறைக் கழுவாது.

விபத்து நடந்த வருஷமே வியன்னாவில் சோவியத் பிரதிநிதிகள் கொடுத்த அறிக்கை, பெரும்பாலும் ஊழியர்கள் மேலேயே பழியைப் போட்டது. சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் நிபுணர் குழுவும் அதை ஏற்றது. 1992-ல் அதே குழு தன் பழைய தீர்ப்பைத் தானே திருத்தி, வடிவமைப்பின் குறைகளையும், ஆபத்தை எச்சரிக்காத அலட்சியத்தையும் எடுத்துக் கூறியது. எழுதியதைத் திருத்தி எழுதுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

ஆனால் அன்றிரவு முறைக்குத் தலைமை தாங்கிய அக்கிமோவும், இருபத்தைந்தே வயதான தொப்துனோவும் அதைக் கேட்க உயிரோடில்லை. வெடிப்புக்குப் பிறகு ஓடிப் போகாமல், உலைக்குத் தண்ணீர் விட வால்வுகளைக் கையால் திறந்துகொண்டு நின்றவர்கள் அவர்கள். அடுத்த மாதமே கதிர்வீச்சினால் மாண்டார்கள். பிழைத்திருந்தால் கூண்டில்தான் நின்றிருப்பார்கள். 2008-ல் உக்ரேன் அரசு அவ்விருவருக்கும் வீர விருது வழங்கியது.