கேஸ் அடிக்க வந்தவனா நீ?

தம்பி, சுவா சூ காங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, கருவிப் பையைத் தோளில் மாட்டி நடக்கும்போது உன் தலை ஏன் குனிகிறது? "ஏர்கான் ஆள் வந்துட்டான்" என்று யாரோ அலட்சியமாகச் சொன்னதற்கா? நிமிர்! அறையைச் சூடாக்கும் ஹீட்டர் என்ற பேச்சே இல்லாத தீவு இந்தச் சிங்கப்பூர். இங்கே குளிர் நின்றால் அலுவலகம் நிற்கும், கடை நிற்கும், கணினி அறை நிற்கும். ஆட்சிக்கு வந்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று அரசு அலுவலகங்களில் ஏர்கான் பொருத்தியது என்று முதல் பிரதமர் லீ குவான் இயூவே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தக் குளிரைக் காப்பாற்றுவது உன் கை.

ஆனால் நெஞ்சை நிமிர்த்தினால் மட்டும் கம்ப்ரசர் ஓடிவிடாது. தெரிந்தவனுக்குத்தான் துணிச்சல் நிலைக்கும்.

"குளிரலே, கேஸ் போட்டுட்டுப் போ" என்பார் கடைக்காரர். நீயும் தலையாட்டி சிலிண்டரைத் தூக்குவாய். ஏன்? கேஸ் என்ன, ஓட ஓடத் தீர்ந்துபோகும் பெட்ரோலா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குழாய் இணைப்பு நட்டைப் பார். எண்ணெய்க் கறை படிந்திருக்கிறதா? சோப்பு நுரை தடவு. குமிழி கிளம்பினால் திருடன் அகப்பட்டான். கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பவன் அடுத்த மாதமும் அதே கடைக்குப் போவான், அதே ஏச்சை வாங்குவான்.

பனி பிடித்திருந்தால் கொண்டாடு. இயந்திரம் தன் நோயைத் தானே எழுதிக் காட்டுகிறது. ஸ்பிளிட் ஏர்கானில், வெளி யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வில் மட்டும் பனி பூத்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. உள்ளே காயில் முழுவதும் வெள்ளையாக உறைந்து தடித்த குழாய்வரை பனி வந்தால், முதலில் ஃபில்டரையும் விசிறியையும் பார். காற்று போகவில்லை. இந்த வித்தியாசத்தை விரல் நுனியில் வைத்திருப்பவனை எந்த சூப்பர்வைசர் அதட்ட முடியும்?

பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்யும் அலுவலகங்களைப் பார்த்திருப்பாய். சிரிக்காதே, அதுவும் கோளாறுதான். தெர்மோஸ்டாட் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கும். அந்தச் சூட்டை அறையின் சூடு என்று நம்பி ஏர்கான் விடாமல் குளிரைக் கொட்டும். காயிலைக் கழுவ வேண்டாம், உணரியை நகர்த்து!

பெரிய கட்டடத்தின் சில்லர் அறைக்குள் நுழையும்போது கால் நடுங்குகிறதா? இரண்டு எண்ணைப் படி. பல இடங்களில் குளிர்நீர் சுமார் 7 டிகிரியில் கிளம்பி 12 டிகிரியில் திரும்பும்படி அமைத்திருப்பார்கள். மாடியில் எல்லோரும் வேர்த்துக்கொண்டிருக்க, இடைவெளி 2 டிகிரியாகச் சுருங்கியிருந்தால் நீர் சூட்டை வாங்காமல் சும்மா சுற்றுகிறது. அழுக்கேறிய காயிலா, மூடாத வால்வா, பைபாஸா? துருவு. கூலிங் டவரின் அழுக்கையும் லேசாக எண்ணாதே. 1976இல் பிலடெல்பியாவில் ஹோட்டல் ஒன்றில் கூடியவர்களைக் கொன்ற லெஜியனல்லா கிருமி அப்படிப்பட்ட நீரில் செழிப்பது. நீ அங்கே காப்பது மின்கட்டணத்தை மட்டுமல்ல.

1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லை. ஈரக்காற்றில் காகிதம் விரிந்து சுருங்கியது. அதற்கு வழி கண்ட வில்லிஸ் கேரியருக்கு வயது 25, படிப்பு முடிந்து ஓராண்டு. நவீன ஏர்கான் அங்கேதான் பிறந்தது. அவன் கேட்ட "ஏன்?" என்ற கேள்விக்கு உன்னிடம் என்ன தடை? படிப்பா? 2010இல் திறந்த ஐடிஇ மேற்குக் கல்லூரி இதே சுவா சூ காங்கில் நிற்கிறது, கைத்தொழிலைப் பாடமாக மதிக்கும் இடம். வொர்க் பர்மிட்டில் வந்தவனா? உன் சீனியரின் கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரை யூனிட்டின் தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடு. அது கட்டணமில்லாத வகுப்பு.

இன்றைய வேலைச்சீட்டிலேயே தொடங்கு. "கேஸ் டாப் அப்" என்று இரண்டு சொல்லில் முடிக்காதே. எங்கே கசிந்தது, அடைத்தபின் அழுத்தம் எவ்வளவு, வெளிவரும் காற்று எத்தனை டிகிரி என்று எழுதி, அதன் கீழே உன் பெயரைத் தெளிவாகப் போடு.