கழியும் ஆண்டும் கழியாக் கடமையும்

காலத்தை அளந்து அதற்கு ஆண்டென்றும் திங்களென்றும் நாளென்றும் பெயரிட்டவன் மனிதன். ஞாயிறும் திங்களும் தம் போக்கில் இயங்குகின்றன. டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவு அவற்றுக்கு மற்றுமோர் இரவே. ஆயினும், மனிதன் மட்டும் அவ்விரவில் சற்றே நின்று, தான் கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்கின்றான். வணிகன் வரவு செலவைக் கணக்கிடுகின்றான்; ஆசிரியன் மாணாக்கரின் தேர்ச்சியைக் கணக்கிடுகின்றான். குடிமகன் எதனைக் கணக்கிடுகின்றான்? பெரும்பாலும் ஆட்சியாளரின் குற்றங்களைத்தான். அக்கணக்கு வேண்டுவதே. ஆனால், அவ்வேட்டில் தன் பெயருக்கு எதிரே எழுத வேண்டிய பற்று ஏதேனும் உண்டா என்று அவன் பார்ப்பதுண்டா? இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியவன் ஓர் இந்திய இளைஞன்.

2011-ஆம் ஆண்டின் இறுதி அது. அப்போது நான் பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். என் அத்தை மகனின் மைந்தன், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பொறியியல் பயின்று, பெங்களூரில் வேலை பார்த்து வந்தவன், அலுவல் நிமித்தம் கோலாலம்பூருக்கு வந்திருந்தான். ஆண்டின் கடைசி இரு நாள்களை எங்கள் இல்லத்தில் கழித்தான். அப்போது அவனுக்கு அகவை 24.

டிசம்பர் 31 மாலை. புத்தாண்டில் பள்ளி திறக்கவிருந்ததால், நான் உணவு மேசையில் அமர்ந்து வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே அமர்ந்து தன் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "மாமா, இவ்வாண்டைப் போல் ஓர் ஆண்டு எங்கள் நாட்டில் மீண்டும் வருமா?" என்றான். அவன் குரலில் பெருமிதம் இருந்தது. சிறிது நேரம் கழித்து நாட்குறிப்பை மூடிவிட்டு, "ஆனால், என்னைப் பற்றி நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது" என்றான்.

எழுச்சி ஆண்டு

அவன் பெருமிதத்திற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. பொதுப்பணியில் உள்ளோரின் ஊழலை விசாரிக்க 'லோக்பால்' என்னும் அமைப்பை நிறுவும் மசோதா இந்திய மக்களவையில் முதன்முதலாக 1968-இல் கொண்டுவரப்பட்டது. அதன்பின் பன்முறை கொண்டுவரப்பட்டும் அது சட்டமாகவில்லை. 2010 நவம்பரில் தலைமைக் கணக்காயரின் அறிக்கை, அலைக்கற்றை உரிமங்கள் வழங்கப்பட்ட முறையால் அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பை ஏறத்தாழ 1.76 இலட்சம் கோடி ரூபாய் வரை மதிப்பிட்டது. நாடு கொதித்தது. 2011 ஏப்ரல் 5-ஆம் நாள் அண்ணா ஹசாரே டில்லியில் உண்ணாநோன்பு தொடங்கினார். ஆகஸ்டு 16-இல் அவர் மீண்டும் நோன்பிருக்க முற்பட்டபோது கைது செய்யப்பட்டு, திகார் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அதன்பின் இராம்லீலா திடலில் தொடர்ந்த நோன்பு ஆகஸ்டு 28-இல் முடிவுற்றது. அந்நாள்களில் நாடெங்கும் இளைஞர்கள் மெழுகுவர்த்தி ஏந்தித் தெருவுக்கு வந்தனர்.

என் உறவினனும் பெங்களூரின் 'பிரீடம் பார்க்' திடலுக்கு மூன்று மாலைகள் சென்றிருந்தான். முன்னாளில் மத்தியச் சிறையாக இருந்த இடம் அது. 1975-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலர் அங்குத்தான் அடைக்கப்பட்டிருந்தனர். அந்தச் சிறைமதில்களின் அருகே நின்று, தானும் வரலாற்றில் ஒரு பங்கு பெற்றதாக அவன் உணர்ந்தான்.

ஆனால், அவ்வாண்டு முடிந்த விதம் வேறு. டிசம்பர் 27-ஆம் நாள் மக்களவை லோக்பால் மசோதாவை நிறைவேற்றியது. அதே நாளில் மும்பையில் ஹசாரே மீண்டும் தொடங்கிய நோன்பிற்கு ஆகஸ்டில் திரண்ட கூட்டம் திரளவில்லை. மறுநாளே அது கைவிடப்பட்டது. டிசம்பர் 29-ஆம் நாள் மாநிலங்களவை நள்ளிரவு வரை விவாதித்து, பெருங்கூச்சலுக்கிடையே வாக்கெடுப்பின்றிக் கலைந்தது. ஆண்டு கழிந்தது, மசோதா கழியவில்லை.

நாட்குறிப்பின் மூன்று பக்கங்கள்

அவன் வெட்கத்திற்குரிய காரணத்தை அவனே எடுத்துக் காட்டினான். நாட்குறிப்பில் மூன்று பக்கங்களை என் முன் விரித்து வைத்தான்.

முதலாவது, ஏப்ரல் 13. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நாள். அவன் பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. அவனோ பெங்களூரில் இருந்தான். 'விடுப்புக் கிடைக்கவில்லை' என்று அன்று எழுதியிருந்தான். அவ்வரியைச் சுட்டி, "உண்மையில் நான் விடுப்புக் கேட்கவே இல்லை, மாமா" என்றான்.

இரண்டாவது, ஆகஸ்டுத் திங்களின் ஒரு நாள். மெழுகுவர்த்தி ஏந்திய மாலை. அப்பக்கம் முழுவதும் நிரம்பியிருந்தது.

மூன்றாவது, அக்டோபர் 27. தீபாவளிக்கு ஊர் சென்றவன், மறுநாள் தந்தையாரின் நிலத்திற்குப் பட்டாப் பெயர் மாற்றம் பெற ஓர் அலுவலகத்திற்குச் சென்றான். தந்தையார் ஏழு முறை நடந்தும் ஆகாத காரியம் அது. இடைத்தரகர் ஒருவர் கேட்ட 3,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தான்; காரியம் முடிந்தது. அப்பக்கத்தில் எழுதியிருந்ததோ ஒரே ஒரு சொல்: 'பட்டா.' அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அம்மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. "உங்கள் ஊராட்சித் தலைவர் யார்?" என்று நான் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

"என்னால் என்ன செய்ய முடியும், மாமா? நான் மறுத்திருந்தால் அப்பா எட்டாம் முறையும் நடந்திருப்பார். என் நேர்மைக்கு அவர் கால்கள் அல்லவா விலை கொடுக்க வேண்டும்?" என்று அவன் கேட்டான். ஆசிரியனாகிய என்னிடம் அதற்கு உடனடியாக விடை இல்லை.

சினம் அறமாகுமா?

இவ்விளைஞன் நயவஞ்சகனா? அல்லன் என்றே நான் கருதுகின்றேன். தன் குற்றத்தைத் தானே எடுத்துக் காட்டுபவன் நயவஞ்சகன் ஆகான். ஆகஸ்டில் அவன் கொண்ட சினமும் உண்மை. அக்டோபரில் அவன் அடைந்த தளர்ச்சியும் உண்மை. அங்ஙனமாயின், ஒரே மனிதனிடத்தில் இவ்விரண்டும் எவ்வாறு உடன் வாழ்கின்றன?

அநீதியைக் கண்டு சினங்கொள்வது நன்றே. அச்சினம் எழாதிருந்தால், நாற்பத்து மூன்று ஆண்டுகள் உறங்கிய மசோதாவை யாரும் தட்டி எழுப்பியிருக்க மாட்டார்கள். எனினும், சினத்திற்கு இரு குறைகள் உண்டு. ஒன்று, அது குற்றத்தை எப்போதும் வெளியிலேயே காண்கிறது. மற்றொன்று, அது விரைவில் களைத்துப்போகிறது. முதற்குறையால் நாம் நம்மைத் தப்பவிட்டுவிடுகிறோம். இரண்டாவதால் குற்றவாளி தப்பிவிடுகின்றான்.

சினம் தீர்ப்பளிக்க விரையும் என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். அலைக்கற்றை விவகாரத்தில் 122 உரிமங்களை உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் இரத்துச் செய்தது. ஆயினும், குற்ற வழக்கில் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அத்தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. தெருவில் ஒரே மாலையில் முடிந்துபோன வழக்கு, நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. எது சரி, எது தவறு என்று கூற அயல்நாட்டுக் குடிமகனாகிய எனக்கு உரிமை இல்லை. உண்மையைத் தேடும் வேலை மெழுகுவர்த்தி எரியும் நேரத்தில் முடிவதன்று என்பதை மட்டும் சொல்லலாம்.

இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரான அம்பேத்கர், 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய மன்றத்தில் ஆற்றிய உரையில், அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது சட்டமறுப்பையும் ஒத்துழையாமையையும் நாடுவது முறையன்று என எச்சரித்தார். தனி மனிதர் ஒருவரின் காலடியில் மக்கள் தம் உரிமையை ஒப்படைத்துவிடலாகாது என்றும் அவர் அறிவுறுத்தினார். இளைஞர்கள் இவ்வுரையைத் தம் சினத்திற்கு எதிரானதாகக் கொள்ள வேண்டுவதில்லை. தேர்தல் நாளில் வராத வாக்காளன் திடலுக்கு மட்டும் வந்தால், தன் கையிலுள்ள சாவியை எறிந்துவிட்டுக் கதவை உடைப்பவன் ஆவான் என்பதே நாம் பெறவேண்டிய பாடம்.

பதிவேட்டைக் கேட்ட ஏழைகள்

தனியொருவன் நேர்மையாக இருந்து என்ன பயன் என்னும் வினாவுக்கு அந்நாட்டு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1990 மே முதல் நாள் இராஜஸ்தான் மாநிலத்தில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் உழைப்பாளர் அமைப்பு உருவாயிற்று. அரசு வேலைகளில் மண் சுமந்த ஏழைகளுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. அவர்கள் கேட்டது பெரும் புரட்சியன்று. கூலியாட்களின் வருகைப் பதிவேட்டைத் தங்களுக்குக் காட்டவேண்டும் என்பதே. 1994 டிசம்பர் முதல் ஊர்நடுவே மக்கள் மன்றங்கள் கூட்டப்பட்டன. பதிவேடுகள் உரக்கப் படிக்கப்பட்டபோது, வேலைக்கு வராதவர் பெயரும் கூலிப் பட்டியலில் இருப்பது வெளியாயிற்று. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்து போராடினர். 2000-இல் அம்மாநிலத்திலும், 2005-இல் தேசிய அளவிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஏட்டறிவு குறைந்த மக்கள் ஓர் ஏட்டைக் கேட்டு விடாது நின்றதன் பயன் அது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இனி, தந்தையாரின் கால்களைப் பற்றிய வினா. அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தான் பெறவேண்டியதற்கு மேல் பெறுவதற்காகக் கையூட்டுக் கொடுப்பவனும், தனக்குரியதைப் பெறவே கொடுக்க நெருக்கப்படுபவனும் ஒன்றல்லர். இந்திய ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது, கையூட்டுக் கொடுப்பதும் குற்றமாக்கப்பட்டது. ஆனால், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் உரிய அதிகாரியிடம் முறையிட்டால் அவருக்கு அக்குற்றம் பொருந்தாது. இவ்வேழு நாள்கள் என்னைச் சிந்திக்க வைக்கின்றன. நெருக்கடியில் தளர்ந்துவிட்டாய், தளர்ந்த பின் என்ன செய்தாய் என்று சட்டம் கேட்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அறத்தின் வினாவும் அதுவே. வீழ்ச்சி ஒரு நொடியில் நேர்வது. அதனை 'பட்டா' என்னும் ஒரு சொல்லுக்குள் புதைத்துவிடுவதோ நாம் அறிந்தே செய்வது.

வள்ளுவர் சினத்தைக் கடிய 'வெகுளாமை' என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால், பொருட்பாலில் 'அரசியல்' என வழங்கும் இயலின் கடைசி அதிகாரங்கள் எவை? ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை. இறைமாட்சியில் தொடங்கும் அவ்வியல், துன்பத்திற்குத் தளராத உள்ளத்தில் முடிகிறது. அரசனுக்குச் சொன்ன அப்பண்புகள், குடிமக்களே அரசராகிய இக்காலத்தில் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரியன.

வருகைப் பதிவேடு

அன்றிரவு நான் அவனுக்கு நீண்ட அறிவுரை எதுவும் கூறவில்லை. என் முன் கிடந்த வருகைப் பதிவேட்டை மட்டும் காட்டினேன். "தம்பி, விளையாட்டுப் போட்டி நாளில் எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் வந்துவிடுவார்கள். அன்று பள்ளி மிக அழகாக இருக்கும். ஆனால், மழை பெய்யும் திங்கட்கிழமையில் வருகிற பிள்ளைதான் படிப்பான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை, நாட்குறிப்பைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டான்.

லோக்பால் மசோதா 2013 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறி, 2014 சனவரியில் சட்டமாகி நடைமுறைக்கு வந்தது. அவ்வமைப்பின் முதல் தலைவர் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். 1968-இலிருந்து எண்ணினால் ஐம்பத்தோர் ஆண்டுகள்.

அவ்விளைஞன் 2014 ஏப்ரல் 24-ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தலுக்காக இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து ஊர் சென்று வாக்களித்ததாக எனக்கு எழுதினான். பின்னர் ஒரு சான்றிதழுக்காகப் பணம் கேட்கப்பட்டபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, நான்கு திங்கள் காத்திருந்து பெற்றானாம். தன் தாயாரின் மருத்துவம் தொடர்பான அவசரத்தில் இன்னொரு முறை பணம் கொடுத்துவிட்டதையும் அவன் மறைக்கவில்லை. "இம்முறை முழுப் பக்கமும் எழுதினேன், மாமா, முறையீடும் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை" என்றிருந்தான். அம்மடலை நான் இன்றும் வைத்திருக்கின்றேன்.

நம் மலேசிய நாட்டிலும் 2021 டிசம்பர் முதல் பதினெட்டு அகவை நிரம்பியோர்க்கு வாக்குரிமை தாமாகவே வந்து சேர்கிறது. என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற பிள்ளைகள் இன்று வாக்காளர்கள். அவர்கள் எக்கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று கூறுவது ஆசிரியன் வேலையன்று. ஆனால், ஆண்டிறுதியில் நாட்டின் கணக்கைப் பார்க்கும்போது, தம் ஏட்டின் வெற்றுப் பக்கங்களையும் அவர்கள் பார்க்கவேண்டும் எனக் கூறுவது என் கடமை.

ஆண்டு தானே கழியும். அதற்கு நம் உதவி வேண்டுவதில்லை. கடமையோ நாம் செய்தாலன்றிக் கழியாது. ஒவ்வொரு பள்ளியாண்டின் தொடக்கத்திலும் புதிய பதிவேட்டைத் திறக்கும்போது அவ்விளைஞனின் நினைவு எனக்கு வருகிறது. முதற்பக்கத்தில் பெயர்களை மட்டுமே நான் எழுத முடியும். அவற்றுக்கு எதிரேயுள்ள கட்டங்களை, நாள்தோறும் வந்து நிரப்பவேண்டியவர்கள் அவர்களே.