கையெழுத்துப் போட்டவரும் படுத்திருப்பவரும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்த மறுநாளே, பல இடங்களில் அன்றைக்கே, வாக்கரைக் கொடுத்து நிற்கச் சொல்கிறார்கள். ஜான் சார்ன்லி 1962இல் இங்கிலாந்தில் இன்றைய செயற்கை மூட்டின் அடிப்படை வடிவத்தை உருவாக்கிய காலத்தில் நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையில் இருந்தார்கள். அன்று இந்தக் கேள்விக்கு இடமில்லை. இன்று, "வேண்டாம், விட்டுடுங்க" என்கிறார் படுத்திருப்பவர். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். யார் பேச்சைக் கேட்பது?

கையெழுத்துப் போட்டவர் பக்கமே நியாயம் என்று சட்டென்று தோன்றும். அசையாத காலில் ரத்தம் கட்டலாம், தொடைத்தசை மெலியும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இந்த வலியை அறிந்தவர் இப்போது மறுப்பவர் மட்டும்தான்.

வலியோ இங்கே நம்பகமான சாட்சி இல்லை. நாலடி நடப்பது வலிக்கும், பெரும்பாலும் தீங்கில்லை. தாழ்வான நாற்காலியிலிருந்து குனிந்து செருப்பை எடுப்பது அவ்வளவாக வலிக்காமலேயே மூட்டை நழுவவிடக்கூடும். (சம்மணமிட்டே பழகிய நம் வீடுகளில் இதைப் புரியவைப்பது பெரும்பாடு.)

என் அம்மா மறுத்தபோது பிசியோதெரபி பெண் வாதாடவில்லை. "சரிம்மா, நடக்க வேணாம். கட்டில் ஓரத்துல உக்காருங்க, போதும்." உட்கார்ந்த அம்மா, "அதை இப்படித் தள்ளு" என்று வாக்கரைக் கேட்டாள். தந்திரம்தானே என்றார் மாமா. நான் அப்படி நினைக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா உட்காரவும் மறுத்தாள். அந்தப் பெண் கணுக்காலை மட்டும் ஆட்டச் சொல்லிவிட்டு, "சாயங்காலம் வரட்டுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டு போனாள்.